கோல் போட்டால் கட்சி மாறணும்

1

கயல் பேருக்கு மூன்று பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. ஜெர்மனியில் எதற்கெடுத்தாலும் படிவம் என்பது ஊரில் இருப்பவர்களிடம் நான் சொல்லிச் சொல்லிச் சலித்த சங்கதி. குப்பைத் தொட்டியை ஒரு அளவு பெரிதாக மாற்ற வேண்டுமா, படிவம். நாய் வளர்க்கிறீர்களா, படிவம். ஆனால் இதைப் பார்த்து நான் முணுமுணுக்கவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, விரித்து வைத்து, இரண்டு தடவை வாசித்தேன். பதினோரு வயதாகும் என் மகளை, மாவட்டத்தில் நன்றாகக் கால்பந்து ஆடும் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் பழக்கும் மையத்துக்குத் தேர்வு செய்திருக்கிறார்கள். திங்களும் புதனும் மாலைப் பயிற்சி. செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பிறந்தது சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம். சிவகாசி அச்சகம் ஒன்றில் ஆஃப்செட் மெஷினைக் கழற்றி மாட்டப் பழகி, அப்புறம் அதே மாதிரி மெஷின்களைச் செய்கிற ஜெர்மன் கம்பெனிக்கே மெக்கானிக்காக வந்து சேர்ந்தேன். இந்தக் கோடையோடு பதினெட்டு வருஷம் ஆகிறது. மனைவி ரேவதிக்குச் சாத்தூர். இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஒரே பிள்ளை, கயல்.

செவ்வாய், வியாழன் மாலைகள் எனக்கு மைதானத்து ஓரப் பெஞ்சில்தான் கழியும். எங்கள் சிற்றூர் கிளப்பின் பயிற்சியாளர் மார்க்குஸ் பகலில் தச்சு வேலை செய்கிறவர். சம்பளம் வாங்காமல் வந்து பழக்குகிறார், மனுஷன் தங்கம். ஒன்றரை மணி நேரப் பயிற்சியை நிமிஷக் கணக்குப் போட்டுத் தாளில் அச்சடித்து, லேமினேட் செய்து கொண்டுவருவார். ஆரஞ்சு நிறக் கூம்புகளை அடுக்குவார். விசில் ஊதுவார். பிள்ளைகள் கூம்புகளுக்கு நடுவே புகுந்து வருவார்கள். மறுபடி விசில். லேமினேஷன் ஓரம் பிசகாமல் வெட்டியிருப்பதை, அச்சுக்காரன் என்பதால், முதலில் கவனித்தவன் நான்தான்.

வருஷத்துக்கு இரண்டு தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பீட்டுத் தாள் தருவார். கயல் தாளில் எல்லாமே நல்ல வார்த்தைகள். கடைசி வரி மட்டும், ‘பந்து காலுக்கு வந்ததும் என்ன செய்வது என்று என்னைப் பார்க்கிறாள்’ என்றிருந்தது. அது உண்மைதான். பந்து வந்ததும் அவள் தலை தானாக ஓரத்துப் பக்கம் திரும்பும். மார்க்குஸ் கையைக் காட்டிய திசைக்குப் பந்து போகும். நன்றாகத்தான் போகும்.

படிவம் வந்த அன்று, “ஒனக்குச் சந்தோஷந்தானே?” என்று கேட்டேன்.

“நீங்க சந்தோஷமா இருக்கீங்களா?” என்று திருப்பிக் கேட்டாள்.

“எனக்கு ரொம்பச் சந்தோஷம்.”

“அப்ப போறேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “இல்லேன்னா ஃபுட்பாலையே விட்டுடலாமாப்பா?” என்றாள்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. சாப்பிட்ட தட்டை எடுத்துவைக்கிற மாதிரி சொன்னாள். ஐந்து வயதில் படுக்கையில் பந்தைக் கட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளை.

2

நான் இங்கே வந்த முதல் கோடையில் நடந்ததை என் கம்பெனிக்காரர்கள் இன்றைக்கும் புது ஆட்கள் வந்தால் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று கம்பெனி விருந்து. சாப்பாடு முடிந்ததும் மெக்கானிக் பிரிவுக்கும் பெயின்ட் பிரிவுக்கும் கால்பந்து. எங்கள் பிரிவில் ஒரு ஆள் குறைய, என்னைப் பிடித்துத் தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. இரண்டு பேருக்குப் போக்குக் காட்டிவிட்டு உள்ளே தட்டிவிட்டேன். ஒரே கைதட்டல். ஒருவர் என்னைத் தூக்கவே ஓடி வந்தார். நான் அவரை விலக்கிவிட்டு, நேராக நடந்துபோய் பெயின்ட் பிரிவு கோல்கீப்பர் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஆட்டம் தொடங்கியதும் எங்கள் ஆள் காலிலிருந்தே பந்தைப் பறித்தேன்.

மைதானமே திகைத்து நின்றது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து, சூப்பர்வைசர் என்னை மரத்தடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு ஜெர்மன் வெயில்! எனக்கிருந்த அரைகுறை பாஷையில் விளக்கிச் சொல்ல முடியாமல், நானும் தலையை நனைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். நாரணாபுரத்தில் தண்ணீர் வற்றிய கண்மாய்தான் எங்கள் மைதானம். அங்கே கோல் போட்டவன் உடனே எதிர்க் கட்சிக்குப் போயாக வேண்டும். அது எங்கள் சட்டம். அதற்குக் காரணம் பட்டாசு வேலை. வானம் கறுத்து மின்னல் தெரிந்தால் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் கண்மாயில் கூட்டம் சேரும். இந்தக் கம்பெனி விட்டு நாலு பேர், அந்தக் கம்பெனி விட்டு ஆறு பேர் என்று ஆட்டத்தின் நடுவே வந்துகொண்டே இருப்பார்கள். ஏழு வயசும் இருக்கும், மீசை முளைத்ததும் இருக்கும். பலசாலிகளெல்லாம் ஒரே பக்கம் நின்றால் ஆட்டம் பத்து நிமிஷத்தில் செத்துப்போகும். கோல் போட்டவனை மாற்றிவிட்டால் இரண்டு தட்டும் சமமாக ஆடிக்கொண்டே இருக்கும். கடைசியில் ஜெயித்தது யார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, யாரும் கேட்டதும் கிடையாது.

பந்தும் கடைப் பந்து இல்லை. அச்சகத்தில் வெட்டிப் போடும் காகிதத் துண்டுகளைக் கசக்கி உருட்டி, அதன்மேல் சணலை இறுக்கிச் சுற்றியது. தரையில் போட்டால் எழும்பாது. அதனால் எங்களுக்கு உதைப்பதைவிடக் காலோடு கொண்டுபோவதுதான் வந்தது.

தெருவில் கண்டபடி விளையாடுவது குறைந்துபோனதால்தான் பிள்ளைகள் மரப்பாச்சி மாதிரி ஆடுகிறார்கள் என்று இங்கத்திய பத்திரிகைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். அதை வாசிக்க வாசிக்க எனக்குக் கண்மாய்ப் பெருமை தலைக்கேறியது. கயல் கேட்ட கேள்விக்கும் அதுவே மருந்து என்று தோன்றியது. விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஐந்து வாரம் பிள்ளையைக் கண்மாயில் இறக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ரேவதியிடம் சொன்னேன்.

“ஒங்க கண்மாயில எத்தன பொம்பளப் பிள்ளைக வெளையாண்டுச்சு?” என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

ஒன்றுகூட இல்லை. என் அக்கா முத்துலட்சுமி என்னைவிட மூன்று வயது மூத்தவள், ஓட்டத்தில் என்னை எப்போதும் ஜெயிப்பாள். அந்தப் பந்துக்குச் சணல் சுற்றிக் கொடுத்ததே அவள்தான். சுற்றிக் கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். அவளை யாரும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கூப்பிட்டதில்லை. இத்தனை வருஷம் இது எனக்கு உறைக்காமல் இருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3

ஆகஸ்டில் போய் இறங்கினோம். அக்கா வீட்டில்தான் தங்கல். அக்கா பட்டாசுக் கம்பெனியில் பாக்கிங் வேலை பார்க்கிறாள். தீபாவளி ஆர்டர் நெருக்கும் சீசன் என்பதால் விடிந்ததும் கம்பெனி வண்டி வந்துவிடும். அவள் மகள் பவித்ராவுக்குப் பன்னிரண்டு வயது. கயலும் அவளும் முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள்.

வந்த முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எழுந்து பார்த்தால், பவித்ரா முழங்கால்வரை காலுறையும் பூட்ஸுமாக வாசலில் நிற்கிறாள். சிவகாசியில் கால்பந்துக் கோச்சிங்காம். வேன் வருமாம். எனக்குச் சுருக்கென்றது.

“என்னக்கா இது? கண்மாய் எட்டிப் பிடிக்கிற தூரத்துல கெடக்கு. வேன் வச்சா போகணும்?” என்றேன். விடாமல் கால் மணி நேரம் பேசினேன். சொந்தமாக விளையாடும் பிள்ளைக்குத்தான் மூளை ஓடும், வரிசையில் நிறுத்திப் பழக்கினால் மழுங்கிப்போகும் என்றெல்லாம்.

அக்கா தூக்குச்சட்டியில் சோற்றை அடைத்துக்கொண்டே கேட்டாள். மூடியை அழுத்தி மூடிவிட்டுத் திரும்பினாள்.

“ஏலே, ஒம் மகளுக்கு மட்டும் சார் வச்சுச் சொல்லிக்குடுப்ப. எம் மக முள்ளுக்குள்ள ஓடணுமாக்கும்? நல்லா இருக்குலே ஒன் ஞாயம்.”

“அதுக்கில்லக்கா...”

“அங்கன அந்த சாரு ஒவ்வொரு பிள்ளையையும் பேரு சொல்லி வாம்மாங்காரு. பந்தக் குடுங்காரு. என்னைய எவம்லே கூப்புட்டான்?”

அவள் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது, போய்விட்டாள். நான் காபியை ஆறவிட்டுக் குடித்தேன்.

கயலும் அந்த வேனில் ஏறிக்கொண்டாள். நானும் போனேன். பெரிய மைதானம், அதே ஆரஞ்சுக் கூம்புகள், அதே விசில். கயல் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் செய்து முடித்தாள். அங்கிருந்த சார் அசந்துபோனார். பவித்ரா மூன்று கூம்பைத் தட்டிவிட்டாள். நாலாவது முறை ஒன்றையும் தட்டாமல் வந்ததும் சார், “சபாஷ் பவித்ரா” என்றார். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமே, வீடு வந்து சேரும்வரை பல் தெரிந்தது. ஒரே கூம்புகள்தான். ஒருத்திக்கு அது சலித்துவிட்டது, ஒருத்திக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது. என் கால் மணி நேரப் பிரசங்கத்தில் இது இல்லை.

4

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்கே ராஜபாளையம் பக்கம் மேகம் திரண்டுவிட்டது. மின்னலும் வெட்டியது. பன்னிரண்டுக்கெல்லாம் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்று பள்ளிக்கூடமும் விடுமுறை. தெருவில் போன ஒரு கூட்டம் பவித்ராவையும் கயலையும் கூட்டிக்கொண்டு கண்மாய்க்குப் போனது. அக்காவும் நானும் பின்னாலேயே போய்க் கரையில் உட்கார்ந்தோம். மேகம் எங்கேயோ மேற்கேயே நின்றது, இந்தப் பக்கம் காற்று மட்டும்தான்.

இருபது பேர் போல இருந்தார்கள். அதில் ஐந்தாறு பெண் பிள்ளைகள். பந்து கடையில் வாங்கியது. கோலுக்குச் செருப்புகள். அக்கா அந்தப் பெண் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களிடம் சாதாரணமாகப் பேசினாலும், புது ஆட்களிடம் கயலுக்கு முதலில் வருவது சனிக்கிழமைத் தமிழ் வகுப்புத் தமிழ். உள்ளே போனதும், “எனக்குப் பந்தைத் தாருங்கள்!” என்று கத்தினாள். இரண்டு நிமிஷம் ஆட்டம் நின்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் பந்தைக் கொடுத்தார்கள். கொடுத்ததும் இடது காலால் ஒரே தட்டு, செருப்புக்கு நடுவே போய்விட்டது.

“ஏய் ஜெர்மனி, அங்கன போ. கட்சி மாறு” என்றான் சூர்யா என்ற உயரமான பையன்.

சட்டம் மாறாமல் இருக்கிறது! எனக்குக் கரையிலேயே கைதட்டத் தோன்றியது. கயலுக்கோ ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. பவித்ரா இந்தப் பக்கம் இருக்கிறாள், தான் மட்டும் முகம் தெரியாத பிள்ளைகளிடம் எதற்குப் போக வேண்டும்? கரைக்கு ஓடி வந்தாள், கண் கலங்கியிருந்தது.

“அப்பா, வந்து சொல்லுங்க. கோல் போட்டா தண்டனையா? இது நியாயமே இல்ல.”

நான் எழுந்துவிட்டேன். சட்டத்தை விளக்கலாம், அல்லது இன்று ஒரு நாள் விலக்குக் கேட்கலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அக்கா வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“ஒக்காருலே. நீங்கள்லாம் வெளையாண்டப்ப எந்த அப்பன் வந்து ஞாயம் சொன்னான்?”

உட்கார்ந்தேன். கயல் என்னை முறைத்தாள். அந்த முறைப்பை என்னால் தாங்க முடியவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேதான் இருந்தேன். அவள் மடையோரம் போய்க் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

அப்போது வடக்கே ஒரு பெரிய சத்தம். ஆட்டம் சட்டென்று நின்றது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே திசையில் புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். அக்கா என் கையைப் பிடித்தாள். புகை ஒன்றும் இல்லை, இடிதான். மறுபடி விளையாடத் தொடங்கினார்கள்.

கயல் கல்லிலிருந்து எழுந்து நேராக சூர்யாவிடம் போனாள்.

“நான் கட்சி மாறுறேன். ஆனா தனியா போக மாட்டேன். எனக்குப் பந்து கொடுத்தவங்களும் என்கூட வரணும்.”

“அது எதுக்கு?”

“அவங்களுந்தானே கோல் போட்டாங்க?”

சூர்யா எல்லோரையும் கூப்பிட்டான். பிறகு ஒரு பெரிய பஞ்சாயத்து நடந்தது. அப்படியென்றால் எண்ணிக்கை சமமாகாது என்று ஒருவன். அங்கிருந்து ரெண்டு பேரை இங்கன தள்ளு என்று ஒருத்தி. யாரைத் தள்ளுவது? சின்னவர்களை. சின்னவர்கள் மாட்டோம் என்றார்கள். அப்படியானால் கோல்கீப்பரும் அவன் சொல்கிற ஆளும். கயல் தமிழும் ஜெர்மனும் கலந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். யாரும் இப்போது சிரிக்கவில்லை. கால் மணி நேரம் பந்து தரையில் சும்மா கிடந்தது. கடைசியில் சூர்யா, “சரி, ஒரு கோல் வரைக்கும் போட்டுப் பாப்போம்” என்றான்.

ஒரு கோல் என்றது பொழுது சாயும்வரை போனது. ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது. தனியாகக் கொண்டுபோய் அடித்தவனெல்லாம், கூட வர ஆள் வேண்டுமே என்று பந்தைக் கொடுக்கத் தொடங்கினான். கயலும் பவித்ராவும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜோடியாக ஆறு தடவை இடம் மாறினார்கள். அவ்வளவு நேரத்தில் கயல் ஒரு தடவைகூடக் கரையைப் பார்க்கவில்லை. எனக்கு அம்புட்டுச் சந்தோஷம். பார்த்தால் கையாட்டலாம் என்று காத்திருந்ததும் உண்மை.

திரும்பி நடக்கும்போது பவித்ரா, “மாமா, அவ எடது கால்ல எப்புடிக் குடுக்கா பாத்தீகளா? நாலு வருசம் கூம்பு சுத்துனாளாம். எனக்கும் வந்துரும்ல?” என்று கேட்டாள். வரும் என்றேன். கண்மாயைப் பற்றிப் பேச எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

5

செப்டம்பர் பாதியில் திரும்பி வந்தோம். மேசையில் படிவம் அப்படியே இருந்தது. அதற்குள் நான் நாரணாபுரம் முழுக்க, ஆமத்தூரில் இருக்கும் சித்தப்பா வீடு உட்பட, என் மகள் மாவட்டத் தேர்வு என்று சொல்லி முடித்திருந்தேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் நகராட்சி கட்டிவைத்த கம்பிவேலி மைதானம் ஒன்று உண்டு. இரண்டு இரும்புக் கோல், வாசலில் ஒரு பலகை. எத்தனை வயதுவரை விளையாடலாம், எத்தனை மணிவரை விளையாடலாம், மதியம் எப்போது சத்தம் போடக் கூடாது, எல்லாம் எழுதியிருக்கும். ஆறு வருஷமாக அதில் ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு பயிற்சியில் இருப்பார்கள். கயல் வகுப்பிலும் குடியிருப்பிலும் வீடு வீடாக மணி அடித்துக் கேட்டிருக்கிறாள். ஒருவனுக்குத் திங்கள் நீச்சல், ஒருத்திக்கு வெள்ளி பியானோ. எல்லோருக்கும் ஒத்துவந்த ஒரே நாள் புதன்.

முதல் புதன் ஏழு பேர். அடுத்த புதன் பதினான்கு பேர். சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பாதி நேரம் விளையாட்டு, மீதி நேரம் சண்டை. ரேவதி என்னை ஜன்னலை விட்டு இரண்டு தடவை துரத்தினாள்.

அந்த வாரக் கடைசியில் கயல் படிவத்தைத் தானே எடுத்துக்கொண்டாள். “திங்கள் வர்றேன். புதன் முடியாதுன்னு எழுதலாமா?” என்று கேட்டாள். முடியாது, இரண்டு நாளும் கட்டாயம் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் யோசித்தாள். ‘விருப்பமில்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள். கிளப்பில் செவ்வாயும் வியாழனும் வழக்கம்போல உண்டு, அதை விடப்போவதில்லை என்றாள். பிள்ளை விளையாட்டை விடவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்ற கவலை ஒரு பக்கம். இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ‘காரணம்’ என்று நான்கு வரி இடம் விட்டிருந்தார்கள். பள்ளிப் படிப்பு, பயணத் தூரம் என்று மரியாதையாக எழுதலாம் என்றேன். அவள், ‘புதன்கிழமை எனக்கு விளையாட்டு இருக்கிறது’ என்று எழுதினாள். ரேவதி வாசித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டாள். நான் பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை படிவத்தை மார்க்குஸிடம் கொடுத்தோம். அவர்தான் மையத்துக்கு அனுப்பவேண்டியவர். மூன்றாம் பக்கத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கயல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினாள். கம்பிவேலி மைதானம், பதினான்கு பேர், ஜோடியாகக் கட்சி மாறுவது, போன புதன் நடந்த சண்டை, அதை யார் தீர்த்தது. மூச்சு விடாமல் பேசினாள். அவளை அவர் இவ்வளவு பேசிப் பார்த்ததில்லை. நானும்தான். அவர் கையிலிருந்த லேமினேட் தாளைப் பெஞ்சில் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

“இது ஒரு நல்ல வாய்ப்பு, தெரியுமா?” என்றார்.

“தெரியும்” என்றாள் கயல்.

“அடுத்த வருஷம் மறுபடி கேட்பார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.”

“சரி.”

அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். போகிறவர் நின்று, கொஞ்சம் தயங்கி, அவளிடமே கேட்டார். “என் மகனுக்கு ஒன்பது வயது. புதன்கிழமை அவன் வரலாமா?”

“வரலாம்” என்றாள் கயல். “ஆனா நீங்க வரக் கூடாது.”

மார்க்குஸ் சிரித்துவிட்டார். அந்தச் சட்டம் எனக்கும் உண்டா என்று காரில் கேட்டேன்.

“உங்களுக்குத்தான் மொதல்ல” என்றாள்.